என் பெயரில் போனவள்

மார்ச் 3

இன்று கணக்கெடுக்கும் அம்மா வந்தார். வாசலில் நின்றபடியே, "எத்தனை பிள்ளைங்க?" என்றார். எங்கள் அம்மா விரல் விட்டு எண்ணி, "ஏழு" என்றாள். அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை ஒழுக்கிக்கொண்டு கடைக்குட்டி வெளியே வந்தான். "எட்டு" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா, அலமாரிக்குள்ள வேற யாராவது இருக்கப் போறாங்க."

வாலுதான் முதலில் சிரித்தாள். எனக்கு அடுத்தவள், பதினான்கு வயது. எங்களுக்கு நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புது ஆள் வந்தால் என் இடம் அதுதான்.

மார்ச் 9

தையல் கூடத்தில் இன்று சட்டைக் கைகள். தைத்து வருவதில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதே மேசை. உலகத்தில் மக்கள்தொகை எண்ணூறு கோடியைத் தாண்டிவிட்டதென்று ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அக்கா, "அதுல பாதி இவ வீட்லதான்டி" என்றாள். மேசையே சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஒரு சட்டைக் கையையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

மார்ச் 14

சென்ட் அக்கா மறுபடியும் வந்தாள். தெருமுனை மாடியில் வாடகைக்கு இருப்பவள். அவள் போன பிறகும் வாசனை அறையிலேயே நிற்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர். கடைக்குட்டிக்கு இருமல் மருந்து கொண்டுவந்தாள். அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, "மறுபடியுமா?" என்று கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"அனுபவம் இருக்கா?" என்று சும்மா கேட்டாள்.

"பொறந்ததுலேர்ந்து அதானே செய்றேன்" என்றாள் வாலு, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

அப்பா என்னைக் காட்டினார். சென்ட் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது வாயே தொறக்காதே. அங்க கலகலன்னு இருக்கணும். சின்னவதான் சரி."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 20

போக வேண்டுமென்றால் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு ஆகிவிட்டது. வாலுவுக்கோ எந்தக் காகிதமும் இல்லை. அவள் வீட்டிலேயே பிறந்தவள். முதல் பிள்ளைக்கு அலைந்த அலைச்சலே போதும் என்று அப்பா அவளைப் பதியவே இல்லை. பின்னால் வந்தவர்களுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் சட்டை, செருப்பு, சீப்பு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் என்னுடைய அடையாள அட்டையை அப்பா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அவள் உயரமானவள். முகமும் என் ஜாடைதான். அதை வைத்து இரண்டே நாளில் பாஸ்போர்ட் வாங்கிவிடுவதாகச் சென்ட் அக்கா சொன்னாள்.

"இனிமே நான்தான் அக்கா. மரியாதையாப் பேசு" என்று என் தலையில் குட்டினாள்.

மார்ச் 22

போய்விட்டாள். என் நீலச் சட்டையையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 30

வரிசையாகப் படுத்திருப்போம். ஒருத்தி திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

ஏப்ரல் 11

வாலு போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன், சாப்பாடு நல்லா இருக்கு, வீடு பெரிசு என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. "என்ன வாலு, குரலே சரியில்ல?" என்று அம்மா கேட்டதும், "வாலு யாரு?" என்றாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். தான்தான் அது என்றாள். அப்பா சிரித்தார் — "பாத்தியா, குறும்பு இன்னும் போகல."

அவள் குறும்பு செய்தால் கடைசியில் ஒரு சிரிப்பு வரும். அது வரவில்லை.

மே 2

வாலு பேசிய எண் அணைந்து கிடக்கிறது. சென்ட் அக்காவின் அறையில் வேறு குடும்பம் இருக்கிறது. எங்கே போனாள் என்று அவர்களுக்கும் தெரியாது.

மே 5

போலீசுக்குப் போகலாம் என்றேன். அப்பா அடிக்கவில்லை. கையை மட்டும் ஓங்கினார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அட்டையக் குடுத்தது நானு. என்னத்தான் உள்ள போடுவாங்க. அப்புறம் இதுங்களுக்கு யாரு சோறு போடுவா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒன்னுக்காக மத்ததை எல்லாம் பட்டினி போடச் சொல்றியா?"

ஒன்னு. அவ ஒன்னாம்மா? எட்டு இருந்தா ஒன்னு போனாத் தெரியாதா? நான் கேட்கவில்லை.

மே 6

போனேன். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

போலீஸ் ஸ்டேஷன் மேசையில் இருந்தவர் கேட்டார்: "காணாமப் போனது யாரு?"

தங்கச்சி என்றேன்.

"பேரு என்ன? ஏதாவது சான்று இருக்கா?"

பெயரைச் சொன்னேன். சான்று எதுவும் இல்லை. என் பெயரில் போனாள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு வெளிநாடு போயிருக்கு. வயசு பதினெட்டு. தானா விருப்பப்பட்டுப் போயிருக்கு" என்றார்.

"அது நான் சார்."

"நீதான் இங்க நிக்கிறியேம்மா. அப்ப யாரைத் தேடச் சொல்ற?" அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. போய்விடலாம் என்றுதான் காலை எடுத்தேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெண் அதிகாரி சாயங்காலம் வருவார் என்றார்கள். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன்.

வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "யார் குடுத்தாங்க அட்டைய?" என்று கேட்டார்.

சொன்னேன். என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை. எங்க அப்பாதான் குடுத்தாருன்னு என் வாயாலயே சொல்லிட்டேன்.

மே 8

அப்பாவை அழைத்துப் போனார்கள். என்னைப் பார்க்காமலே செருப்பைத் தேடினார். கடைக்குட்டி எடுத்துக் கொடுத்தான்.

மே 9

அம்மா பேசவில்லை.

ஜூன் 17

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். முன்பு போன மூட்டை தூக்கும் வேலையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. நான் இரண்டு ஷிப்டு பார்க்கிறேன். அவர் கேட்பதற்கு அம்மாதான் பதில் சொல்கிறாள். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான் என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 2

தங்கச்சிப் பாப்பா பிறந்தாள். அப்பா காலையிலேயே அலுவலகத்துக்குப் போய் அவள் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

பெண் அதிகாரி தையல் கூடத்துக்கே வந்தார். அந்த நாட்டில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டிலிருந்து சில பெண்களை மீட்டிருக்கிறார்களாம், அதில் ஒருத்தி என் பெயரைச் சொல்கிறாளாம். இங்கே காப்பகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். என் கையிலிருந்த கத்தரியை அவரே வாங்கி மேசையில் வைத்தார்.

செப்டம்பர் 12

முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். மெலிந்துபோய், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "வாலு" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்பா பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.

காப்பகத்து அம்மா என் பெயரைச் சொல்லி அழைத்தார். உடனே எழுந்து நின்றாள். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "பதினெட்டு வயசு. நானாத்தான் வந்தேன்" என்றாள்.

அங்க அப்படித்தான் சொல்லச் சொல்லி அடிச்சிருக்காங்க. எத்தனை தடவை அடிச்சா இப்படி வரும்?

நவம்பர் 4

வாலு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பாப்பாவை மட்டும் தூக்க மாட்டேன் என்கிறாள். அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். யாரும் வற்புறுத்துவதில்லை. நேற்று அப்பா அவள் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டாள்.

இன்று அம்மா அடுப்படியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போனோம்.