மாமியார் ஏன் நிற்கிறாள்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், அப்பா, இவள் மூன்று பேரும் சுகம், மாமியாரும் சுகம். அங்கே நீயும் நீ கட்டுகிற அணைக்கட்டும் ஒருவரையொருவர் படுத்தாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அவ்வளவுதான். குதிரையேற்ற கிளப்பில் எனக்கென்று ஒரு சின்ன வயதுக் குதிரை வாங்கியிருக்கிறார்கள், பொடியன் என்று கூப்பிடுகிறோம், முதல் நாள் ஏறினேன், வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ படக்கென்று குடையை விரித்தார்கள், அது மிரண்டு ஒதுங்கியது, நான் மண்ணில் கிடந்தேன். எலும்பு சேர ஆறு வாரம் ஆகுமாம். உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் இந்த வயதில் உனக்குக் குதிரை கேட்கிறதா என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. சமையலும் அவர்தான், உப்பு இருக்கிற நாளில் காரம் இருப்பதில்லை, குறை சொன்னால் கரண்டியை நீட்டுகிறார், வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் தங்கை கணக்கில் மார்க் குறைவாக வாங்கி வந்திருக்கிறாள், கேட்டால் தூக்கம் வருவதில்லை என்கிறாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு என்ன அப்படித் தூக்கம் வராது, இதையும் எழுது என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

மாமியார் விஷயம்தான் மனதை அரிக்கிறது. எதற்கெடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிற முகம் என்று அந்தக் குதிரைக்கு நீ வைத்த பெயர், இன்றைக்கு லாயம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். உனக்குப் பால்பல் விழுந்த வருஷம் வந்தவள். பந்தயத்தில் ஓடுகிற குதிரையைப் பழக்குவது வேறு, இது வேறு, மைதானத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் இருக்கும், இந்த எழுத்தில் நடை, அந்த எழுத்தில் துள்ளல் என்று நடுவர் கண் முன்னால் அடி பிசகாமல் செய்து காட்ட வேண்டும். அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது சும்மா நிற்பதுதான். நாலு காலும் சதுரமாக, ஆடாமல் அசையாமல் நிற்க ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். கடிவாளத்தை இழுத்து நிறுத்துவதில்லை, நான் மூச்சைப் பிடித்தால் அவள் நிற்பாள், அந்த அளவுக்குப் பழகியிருந்தோம். இப்போது பார், போட்டி நடுவில், நான் ஒன்றும் சொல்லாமலே, வேலை பிடிக்காத ஆள் மாதிரி அப்படியே நின்றுவிடுகிறாள். மூன்று போட்டியிலும் கீழ்ப்படியவில்லை என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். பல்லைப் பார்த்தோம், முதுகைப் பார்த்தோம், சேணத்தை மாற்றினோம். கடைசியில் ஒருநாள் பொறுமை போய்ச் சவுக்கால் இரண்டு வைத்தேன், அப்போதும் நின்றாள், அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயதாகிவிட்டது, முரண்டு பிடிக்கிறது, மேய்ச்சல் பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்று கிளப் மாஸ்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை லாரி வருகிறது. கட்டுப் பிரித்ததும் நான் பொடியனோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது, மீதியைக் காலையில் சொல்கிறேன்.

அக்கா, இனிமேல் நான். அம்மா தூங்கிவிட்டாள், நான் துணி துவைக்கிற அறையில் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். குடை எதுவும் இல்லை. நான் அங்கேதான் வேலி மேல் உட்கார்ந்து அம்மாவின் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், மழையும் இல்லை வெயிலும் இல்லை, யாரும் குடை கொண்டுவரவில்லை. பொடியன் மிரளவும் இல்லை. அவன் நேராகப் போய் மூலையில் திரும்பினான், எல்லாக் குதிரையும் திரும்புவது மாதிரி, அம்மா மட்டும் திரும்பவில்லை. மூட்டை சரிவது மாதிரி சரிந்தாள். நான் ஓடிப் போனபோது கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா அந்தக் கண்ணுக்குள் திரும்பி வந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வந்ததும் முதல் வார்த்தை, குதிரைக்கு அடிபடவில்லையே என்று.

இது முதல் தடவை இல்லை. விழுவதற்கு முன்னாலேயே ஒருநாள் அடுப்பங்கரையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வழிந்து தரையெல்லாம் ஓடியது, கூப்பிட்டேன், திரும்பவில்லை, இடது கைக் கட்டைவிரல் மட்டும் சேலை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு என்னடி இங்கே இவ்வளவு தண்ணீர் என்று என்னையே கேட்டாள். அம்மா விழுந்த பிறகு, அந்தக் கட்டைவிரலை வேறு எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம்தான் போட்டிகளில் நான் போனில் எடுத்த வீடியோப் படங்களைப் போட்டுப் பார்த்தேன். மாமியார் நின்ற ஒவ்வொரு இடத்திலும், அவள் நிற்பதற்கு முன்னால் அம்மாவின் கட்டைவிரல் கடிவாள வாரை அப்படித்தான் தேய்க்கிறது. மாமியாரின் காது இரண்டும் பின்னால் திரும்புகிறது, அப்புறம் நிற்கிறாள். அம்மா தலையை ஆட்டி நிமிர்ந்த பிறகு, யாரும் சொல்லாமலே அவளே நடக்கிறாள். சவுக்கால் அடித்த அன்றைக்கும் அப்படித்தான், அம்மா இன்னும் சரியாக வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் அடி வாங்கிக்கொண்டும் நின்றாள். பல், முதுகு, சேணம் எல்லாவற்றையும் பார்த்தார்கள் அக்கா, மேலே உட்கார்ந்திருந்தவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, அப்பாவிடம் மூச்சு விடமாட்டேன் என்று சொல்ல வைத்தாள். அசதிதான் வேறொன்றுமில்லை, இது தெரிந்தால் என்னை லாயத்துப் பக்கமே விடமாட்டார்கள், அப்புறம் நான் என்ன பண்ணுவேன் சொல்லு என்றாள். கெஞ்சுகிற மாதிரி கேட்டாள், அதட்டியிருந்தால் பரவாயில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன், இது சத்தியத்தை மீறுவதில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா தலையில் கை வைத்துச் சொன்னது, ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டாலும் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை மாமியார் போய்விடுவாள், அதற்கப்புறம் பொடியன்தான், பொடியனுக்கு நிற்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் நல்லா இருக்கேன் நீ எப்படி இருக்கே என்பதற்கு மேல் என்ன சொல்ல முடியும். கடிதம் வருவதற்குள் லாரி வந்து போய்விடும் என்று தெரியும். ஆனாலும் கட்டுப் பிரிப்பதற்குள் நீ வந்துவிடு. நீ சொன்னால் கேட்பாள். காலையில் அம்மா சொல்லும் மீதியை வேறு தாளில் எழுதி, இதை உள்ளே மடித்து ஒட்டிவிடுவேன். கை வலிக்கிறது, கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு

மகளே, இடது கையால் எழுதுகிறேன், கொஞ்சமாகத்தான் எழுத முடியும். விடிகாலை துணி எடுக்கப் போனேன், உன் தங்கை மெஷின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக் கிடந்தாள், கன்னமெல்லாம் பேனா மை, தாளை உருவியபோதும் எழவில்லை. படித்தேன். கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, ஒற்றைக் கையால் கிழிக்க வரவில்லை, அதனால் இன்னொரு தடவை படித்தேன். பிறகு போனை எடுத்து அந்தப் படங்களைப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த படங்கள்தான், இதுவரை குதிரையின் கால்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னது சரி. நிற்கச் சொல்லிக் கொடுத்தது நான், நின்றாள், அதற்கு அடித்தேன்.

உன் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், நாளைக்கு என்னை மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறார். மாஸ்டரிடமும் பேசியாகிவிட்டது, லாரி வேண்டாம். பொடியனை வேறு யாராவது பழக்கட்டும், அவன் மேல் குற்றமில்லை. மாமியார் இங்கேயே இருப்பாள், நான் இனி அவள் மேல் ஏறப் போவதில்லை, பக்கத்தில் நடந்து போகிறேன், அதற்கு மார்க் போட யாரும் இல்லாதது நல்லது. ரொம்ப அசந்துவிட்டேன் கண்ணே, இன்றைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். உயரத்தில் ஏறும்போது இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொள்ள மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை உன் தங்கை கையில் தனியாகக் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விடுவேன், சத்தியமெல்லாம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லிவிட்டேன், நீயும் ஒரு தடவை சொல். மேலே குடை என்று இருக்கும் இடத்தை மட்டும் நீயே பேனாவால் அடித்துவிடு, எனக்கு இந்தக் கையில் நேராகக் கோடு போட வரவில்லை.

இப்படிக்கு, இந்தத் தடவை தன் கையாலேயே,
உன் அம்மா