நீ எரிக்காத சரிவு

இன்று காலை, நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தின் ஜன்னலைத் திறந்ததும் புகை நாற்றம் உள்ளே வந்தது. எதிர்மலையில் யாரோ மானாப்புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை இருமத் தொடங்கியது. ஜன்னலைச் சாத்தி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய்ப் பதினொரு மாதமாகிறது.

ஏழாம் நம்பர் மலையைத் தோட்ட நிர்வாகம் கைவிட்டபோது, தேயிலைக்குள் காடு ஏறிக் கிடந்தது. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு துண்டு பிடித்து மரக்கறி போட்டோம். மேலே உன் துண்டு, அதற்குக் கீழே என்னுடையது. எல்லோரும் வெட்டி எரித்தோம். நீ மட்டும் வெட்டியதைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு, அதையொட்டி முள்முருங்கைக் கம்புகளை ஊன்றினாய். “குப்பை சேக்குறா” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எரிச்சா ஒரு வருஷம் நல்லா வரும் புள்ள,” என்றாய். “மொனராகலையில நாங்க அதத்தான் செஞ்சோம். காட்ட எரிச்சு நெல்லு போட்டோம். மொத வருஷம் இடுப்பளவு நின்னுச்சு. மூணாவது வருஷம் வெறுங்கல்லு. ஒடனே அடுத்த காட்ட எரிச்சோம். இங்க அடுத்த காடு எங்க இருக்கு?”

புருஷனை, எரித்துப் பயிரிட்ட அந்தச் சேனைக்காட்டு மண்ணிலேயே புதைத்துவிட்டு, கைப்பிள்ளையோடு எங்கள் லயத்துக்குத் திரும்பியவள் நீ. அந்தப் பேச்சில் இருந்த வலி அன்று எனக்குப் புரியவில்லை. முதல் வருஷம் என் போஞ்சிதான் உன்னுடையதைவிட நன்றாகக் காய்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வருஷம் உன் முள்முருங்கை ஆள் உயரம் வந்துவிட்டது. தழையைக் கழித்துக் கழித்து மண்மேல் பரப்பினாய். அந்தத் தழைக்குள் கையை விட்டால் மண் ஈரமாக, கறுப்பாக இருக்கும். என் துண்டில் கல் தெரியத் தொடங்கியிருந்தது.

அந்த மாசி மாதத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

“எரிக்கிறதுன்னா எங்கிட்ட சொல்லு. தீ தாண்டாம நடுவுல புல்லச் செதுக்கி விட்டுர்றேன்,” என்று நீ கேட்டிருந்தாய். நானும் சரி என்றிருந்தேன். ஆனால் அன்று நீ கொழுந்து எடுக்கப் போயிருந்தாய். காற்றும் இல்லை. சின்னக் குவியல்தானே என்று நெருப்பு வைத்தேன். திடீரென்று கீழேயிருந்து காற்று எழும்பியது. புல்லைப் பிடித்த தீ, நீ பரப்பி வைத்திருந்த காய்ந்த தழைக்குள் புகுந்துவிட்டது. ஒரு கிளையை ஒடித்து அடித்து அடித்துப் பார்த்தேன். முடியவில்லை. பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. லயத்துக்கு ஓடி, முகம் கழுவி, சீலையை மாற்றிக்கொண்டேன். ஆட்கள் நெருப்பு நெருப்பு என்று கத்தியபோது, அப்போதுதான் கேள்விப்பட்டவளைப் போல அவர்களோடு ஓடி வந்தேன்.

முதுகுக் கூடையோடு வந்து நின்றாய். மூன்று வருஷ உழைப்பு சாம்பலாகக் கிடந்தது.

“ரோட்டுல போற எவனாச்சும் பீடியப் போட்டிருப்பான்,” என்றார் ஒருவர்.

“ஆமா, அப்படித்தான் இருக்கும்,” என்றேன் நான்.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். கூடையோடு இறங்கிப் போனாய்.

ஆனி மழையில் என் மண் போய்விட்டது. முளைத்திருந்த போஞ்சியோடு சேர்ந்து வடிகால் கானுக்குள் ஓடியது. நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ மேலேயிருந்து ஒரு கட்டுக் கம்புகளோடு இறங்கி வந்தாய். எரிந்த முள்முருங்கையில் பாதி மறுபடி தழைத்து, வேரால் உன் மண்ணைப் பிடித்து நின்றது. மீந்திருந்ததில்தான் எனக்கு வெட்டி வந்திருந்தாய்.

“எந்திரி. தண்ணி ஓடுற பக்கமா நடாத, குறுக்கால நடு.”

அந்த மழையிலேயே இருவரும் நட்டோம். அதன்பின் ஆறு வருஷம் இரண்டு துண்டையும் ஒன்றாகவே செய்தோம். உண்மையைச் சொல்ல ஆறு வருஷம் இருந்தது. சொல்லவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க நீயே சொன்னாய்: “அன்னைக்குக் கொழுந்து மலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நெருப்ப நீதான் வச்ச.”

“ஏன் கேக்கல?” என்றேன்.

“கேட்டிருந்தா எம் மூஞ்சில முழிச்சிருப்பியா? மழையில உம் மண்ணு போனப்ப நான் எப்படி எறங்கி வந்திருப்பேன்?”

அதற்குள் மணி அடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

போன மாதம் கோயில் முன்னால் கூட்டம். எட்டாம் நம்பர் மலையையும் தோட்டம் விட்டுவிட்டது. எரித்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்கள். உன் மகள் மட்டும் எழுந்து, எரிக்க வேண்டாம் என்றாள்.

“எரிக்காம ஒங்கம்மா என்னத்தக் கண்டா? அந்தக் குப்பையிலதான தீ அப்படிப் புடிச்சிச்சு,” என்று ஒருவர் சிரித்தார்.

அவள் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து நின்றேன். “அந்தத் தீய வச்சது நான்தான்,” என்றேன். முகம் கழுவியதையும், சீலை மாற்றியதையும் சொன்னேன். அந்த மழையில் யார் துண்டில் மண் நின்றது, யார் துண்டில் போனது என்பதையும் சொன்னேன்.

உன் மகள் ஒன்றுதான் கேட்டாள். “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் எழுந்து போய்விட்டாள். கூட்டத்தில் பாதிப்பேர், இந்த முறை எரிக்காமல் பார்க்கிறோம் என்று கம்பு கேட்டார்கள். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நேற்று மலைக்குப் போனேன். உன் வரிசைகளை அழகாகக் கழித்துவிட்டு, என் முதல் வரிசைக்கு முன்னால் வேலையை நிறுத்தியிருந்தாள்.

அன்று, தெரிந்தே, நீ இறங்கி வந்தாய். இப்போது ஏறிப் போக வேண்டியவள் நான். நாளை விடிந்ததும் அவள் வாசலில் போய் நிற்பேன். கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.