அப்பா பேருக்கு முன்னால் நின்ற 'த'

என் பொய்க்கார அத்தைக்கு,

நீ போய் மூணு மாசம் ஆவுது. முத்தியால்பேட்டை வீட்டுல உன் அறையை இன்னும் யாரும் எடுத்துக்கல. உன் தம்பி, எங்கப்பா மட்டும் சாயங்காலமானா அங்க ஃபேனைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எழுபத்தேழு வயசு ஆளு, கேட்டா காத்து நல்லா வருதாம்.

அப்பாவோட இனிஷியல் விவகாரம் உனக்குத் தெரியாததில்ல. தாத்தா பேரு முருகேசன். அப்பா மட்டும் எல்லாக் காகிதத்துலயும் த. கோவிந்தராசு. எப்பக் கேட்டாலும் நீ ஒரே பதிலைத்தான் வெச்சிருந்த: "பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரை விட்டுக் கிளம்பற அவசரத்துல பள்ளிக்கூடத்துல எவனோ தப்பா எழுதிட்டான், விடுடி." கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்ட. நாங்களும் நம்பிட்டோம்.

நீ போனதுலேருந்து அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். "நான் கண்ணை மூடறதுக்குள்ள எங்கப்பா பேரு என் பேருக்கு முன்னால வரணும்"ன்னாரு. திருத்த மனு எழுதியாச்சு. கூட வைக்க ஒரு பழைய சான்று வேணும்னாங்க. அதுக்காகத்தான் உன் பீரோவைத் திறந்தேன், கோவிச்சுக்காதே.

மஞ்சப்பைக்குள்ள, உன் மில் அடையாள அட்டைக்குக் கீழே, மடிப்பு கிழிஞ்ச காகிதம் ஒண்ணு. முழுக்க பிரெஞ்சு. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கற எதிர்வீட்டு சொல்தாகிட்ட காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாரு. அப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த சீட்டு. "பொறுப்பாளர், தனலட்சுமி. உறவு, அக்கா. தொழில், மில் கூலி." தகப்பன் பேருக்கான இடத்துல ஒண்ணும் இல்ல.

பாட்டி சீக்கிரமே கண்ணை மூடினதும், தாத்தா கப்பலேறி சைகோனுக்குப் போய்த் திரும்பி வரலங்கறதும் எங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா அப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப உனக்குப் பதினாறு வயசாவது இருக்குமா? மில்லு விட்டு வந்து, தலையெல்லாம் பஞ்சோட, தம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, "இவனுக்கு நான்தான், என் பேரை எழுதுங்க"ன்னு அந்த மேஜை முன்னால நின்னிருக்க. என்ன நெஞ்சழுத்தம் உனக்கு. நாற்பத்தஞ்சு வயசுல எனக்கு பேங்க்ல ஒரு படிவம் கேட்கவே நாக்கு ஒட்டிக்குது.

ஏன் மறைச்ச? அக்கா பேரைப் போட்டுக்கிட்டவன்னு பசங்க கேலி பண்ணுவாங்கன்னா? இல்ல, அப்பன் இல்லாதது அவருக்கு உறைக்கக் கூடாதுன்னா? கேட்கறதுக்கு நீ இல்ல. அதைத்தான் தாங்க முடியல அத்தை.

அப்பா காகிதத்தை வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு. அப்புறம், "எழுபது வருஷமா இதைத் தப்பு தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. அவ காதுபடவே சொன்னேனே"ன்னாரு. அழுதாரு. நானும்தான்.

மனுவை மாத்தி எழுதிட்டோம். இனிஷியலை விரிச்சு, தனலட்சுமி கோவிந்தராசுன்னு முழுசா. நாளைக்கு அவரை ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். "தனலட்சுமி யாரு, அம்மாவா?"ன்னு நிச்சயம் கேட்பாங்க. நான் குறுக்க பேச மாட்டேன், இது சத்தியம். அப்பா வாயாலயே சொல்லட்டும்.

உன் தம்பி பொண்ணு,
செல்வி