அட்டையில் தெரியாத முட்டைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. உன் கம்பெனியின் சோதனை அட்டைகள் வந்து சேர்ந்தன. பெட்டி அழகு, நகைப்பெட்டி தோற்றுவிடும். மேலே கொட்டை எழுத்தில் "குடல் ஒட்டுண்ணிகளுக்கு நிமிடங்களில் விடை" என்று போட்டிருக்கிறீர்கள். எந்தெந்த ஒட்டுண்ணி என்பதை மட்டும் அடியில் எறும்பு ஊர்வதுபோல அச்சடித்திருக்கிறீர்கள். படிக்க எனக்கு மைக்ராஸ்கோப் இருந்தது. வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?

நீ கேட்டபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒவ்வொரு மல மாதிரியையும் மூன்று விதமாகச் சோதித்தோம். துளி மலத்தை உப்பு நீரில் கலந்து கண்ணாடித் தகட்டில் நேராகப் பார்ப்பது ஒன்று. வடிகட்டி, ஃபார்மலினும் ஈதரும் சேர்த்துச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலைப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாவது உன் அட்டை, கிருமி இருந்தால் அதில் கோடு விழும். உள்ளதைச் சொல்கிறேன், வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் ஜியார்டியா கிருமியைப் பிடிப்பதில் அது எங்கள் இரண்டு முறைகளையும் தோற்கடித்தது. ஆனால் புழு முட்டைக்கு அது குருடு. வண்டலில் முட்டை கிடந்த மாதிரிகளில் ஒன்றுக்குக்கூடக் கோடு விழவில்லை. விழவும் விழாது, புழுவைக் கண்டுபிடிக்க அதைச் செய்யவே இல்லை.

இது உனக்குத் தெரியும். தெரிந்தும், விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கு அந்த அட்டையில் பார்த்து, "வயித்துல ஒண்ணுமே இல்லப்பா, சுத்தம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். பெரிய விஞ்ஞானி.

நீ போன பிறகு அவர் வெளுத்துக்கொண்டே வந்தார். மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார். ரத்தம் எங்கே போகிறது என்று தெரியாமல் டாக்டர் புற்றுநோயைச் சந்தேகித்தார். நான் மலத்தைக் கேட்டால் அப்பா தரவில்லை. "அதான் என் பையன் பாத்துட்டானே. மறுபடி பாத்தா அவன் சொன்னது பொய்னு ஆயிடாதா?" என்றார். வெறுங்காலோடு தோட்ட மண்ணைக் கிளறுகிறவர் அவர். குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும் என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சம்மதித்தார், ஒரு டப்பா மலம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. எல்லாம் உன் பெயரைக் காப்பாற்ற.

கடைசியில், "தம்பியோட அட்டை சரின்னு எல்லாருக்கும் காட்டத்தாம்ப்பா கேக்கறேன்" என்றேன். மறுநாள் காலையிலேயே டப்பாவைத் துணியில் சுற்றி, பரிசுப் பொருள் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார்.

நேராகப் பார்த்ததில் தேடித் தேடி ஒரே ஒரு முட்டை. வண்டலில் பார்த்த இடமெல்லாம் முட்டை. கொக்கிப்புழுவேதான். உன் அட்டை வெள்ளையாகச் சிரித்தது. புழு மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்தோம். டாக்டர் குழாய்ச் சோதனையைத் தள்ளிவைத்திருக்கிறார். இப்போது அப்பா நிற்காமல் மாடி ஏறுகிறார். சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போடவும் தெம்பு வந்துவிட்டது.

மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "அட்டை காட்டிச்சா?" பொய்யான முடிவில் கையெழுத்துப் போட்டதே இல்லை நான். அன்று, "காட்டிச்சுப்பா" என்றேன். புழு நீ போன பிறகுதான் வந்தது என்று நம்பி, அவர் பெருமையாகப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் சோகை பிடித்த தன் மகளுக்கு ஒரு பெட்டி வாங்கப் போகிறேன் என்றார். தடுத்து, அந்தப் பெண்ணை ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஊர்களில் வாங்குகிறவர்களை நான் எங்கே போய்த் தடுப்பது?

உன்மேல் எனக்குள்ள மரியாதை இதுவரை படித்ததிலேயே தெரிந்திருக்கும். அப்பா உன்மேல் வைத்திருப்பதை உடைக்கத்தான் என்னால் முடியவில்லை. பெட்டியின் மேலே, அதே கொட்டை எழுத்தில், "புழுக்களைக் காட்டாது" என்று போடச் சொல். அதற்கு உன் முதலாளிகள் மூஞ்சியைத் தூக்கினால் தூக்கட்டும். பிறகு அப்பாவுக்கு நீயே போன் செய்து உண்மையைச் சொல். என் வாயால் அவர் அதைக் கேட்க வேண்டாம்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அவர் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அக்கா