கூட்டாளி இறப்பு என்னும் பாடம்

மாடிப்படி ஏறும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வரும் என் கலாவுக்கு,

இந்த வாரம் 'கூட்டாளி இறப்பு' பாடத்தை நடத்தி முடித்துவிட்டேன். அது உன் பாடம். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு எனக்கு, விலகலும் இறப்பும் உனக்கு என்று நெமிலிச்சேரியில் டியூஷன் தொடங்கிய வருஷமே பிரித்துக்கொண்டோம். தீபாவளி முடிந்து நீ போன பிறகு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, இனியும் தள்ள வழியில்லை.

புத்தகத்தில் இருக்கும் பெயர்களை நீ மதித்ததே இல்லை. உன் கணக்கில் கூட்டாளிகள் எப்போதும் கலாவும் சுமதியும்தான். ஒவ்வொரு கணக்கிலும் நீயே செத்துப்போவாய். "நான் பூட்டேன்னு வெச்சிக்கோங்க. சுமதி மிஸ் எங்க ஊட்டுக்கு இன்னா குடுக்கணும்? அழுவாம போடுங்க" என்பாய். வகுப்பு சிரிக்கும். பக்கத்து அறையில் பிளஸ் ஒன்னுக்குத் தேய்மானம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கணக்கிலாவது என்னைச் சாகடித்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ செத்தா கணக்க யாரு முடிக்கிறது? எனக்குக் கூட்டலே வராது" என்றாய்.

வராது என்பது உண்மைதான். ஆனால் தொழில் வேறு, அதை நடத்துகிறவர் வேறு என்ற பாடத்தை மட்டும் கரைத்துக் குடித்திருந்தாய். டியூஷன் பணத்தில் நீ வாங்கித் தின்ற வேர்க்கடலையைக்கூட நீ சொந்தச் செலவுக்கு எடுத்ததாக, உன் எடுப்புக் கணக்கில் எழுதச் சொல்லி என் உயிரை வாங்குவாய்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் செல்வம் அண்ணன் வந்தார். அவர் தினமும் ரயிலுக்குப் போக நம் பெயர்ப்பலகையைத் தாண்டித்தானே போக வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவ பேரப் பாத்துகினு தாண்டிப் போவ முடியலம்மா. எடுத்துடேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பெயின்டரும் சொல்லிவிட்டார். நீ கோபித்துக்கொள்ளாதே, அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 'சுமதி டியூஷன் சென்டர்' என்பதைப் பலகையின் நடுவில் எழுதச் சொல்வதா, ஓரத்தில் எழுதச் சொல்வதா என்றுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் கூட்டாளிகளின் பெயராக ராஜா, ரவி என்று எழுதினேன். "கலா, சுமதி போடுங்க மிஸ்" என்றாள் முதல் பெஞ்சு நந்தினி. அழித்துவிட்டு அப்படியே எழுதினேன்.

கணக்கு எளிதுதான். கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது, கூட்டாளி நடுவில் இறந்துவிடுகிறார். இறந்த நாள் வரை வந்த லாபத்தில்தான் அவருக்குப் பங்கு. அதற்குப் பின் வருவது இருப்பவருடையது. நற்பெயரிலும் அவர் பங்கைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் சொத்து, பெயரைக் கேட்டுத்தானே ஜனங்கள் தேடி வருகிறார்கள்? எல்லாவற்றையும் கூட்டி வாரிசிடம் சேர்த்துவிட்டு, இறந்தவர் கணக்கை முடித்துவிட வேண்டும்.

நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நந்தினியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். கலாவுக்கு வருஷம் முழுவதற்கும் லாபம் கொடுத்திருந்தார்கள். இறந்த தேதியைப் பார்க்கவில்லையா என்று நந்தினியைக் கேட்டேன்.

"பாத்தேன் மிஸ். மார்ச்சுல நாங்க எழுதப்போறது அவங்க சொல்லிக்குடுத்ததுதானே? பாதியில எப்டி மிஸ் நிறுத்துறது?"

பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது என்றேன். சரியான விடையைக் கரும்பலகையில் போட்டேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள், நந்தினியும்தான். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் சாவுக்குக்கூட எனக்கு அழுகை வரவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் வரவில்லை கலா?

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "மார்ச் வரிக்கும் இருக்கட்டும்மா. நான் அந்தாண்ட சுத்திப் போய்க்கிறேன்" என்றார். பெயின்டருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

மார்ச்சுக்குப் பிறகு என்ன? பூந்தமல்லியில் யாரோ பெரிதாக ஏசி வகுப்புகள் தொடங்கியிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் சிலர் இப்போதே விசாரிக்கிறார்கள். எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று தெரியவில்லை. மிஞ்சுகிறவர்களை வைத்துக்கொண்டு நடத்துவேன்.

உன் பங்கை மார்ச் முடிய முழுசாகப் போட்டு உன் மகளிடம் கொடுப்பேன். பாடப்படி அது தப்பு. நந்தினியின் நோட்டிலும் அந்த ஒரு கணக்கை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த வருஷமும் இந்தப் பாடத்தை நான்தான் நடத்துவேன். கூட்டாளிகள் கலாவும் சுமதியும்தான். ஆனால் இனிமேல் எல்லாக் கணக்கிலும் செத்துப்போவது நான். கூட்டல் வராவிட்டாலும் பரவாயில்லை, நீ இருந்து கணக்கை முடி.

உன் கூட்டாளி,
சுமதி