கட்டைவிரல் அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரை போட மறக்கவில்லையே? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு குளிர்கிடங்குக்காக நான் வடிவமைத்த செல்போன் செயலியைக் காட்டப் போயிருந்தேன். என் மேசையில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அங்கே எல்லோர் கையிலும் தடித்த கையுறை. பட்டன் கல்லுளிமங்கன் மாதிரி அசைந்தே கொடுக்கவில்லை. பெட்டி தூக்கும் அண்ணன் ஒருவர் குனிந்து மூக்கால் அமுக்கினார், உடனே திறந்தது. "மூக்குக்குன்னே செஞ்சீங்களாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பும் வழியில்தான் உறைத்தது. அழைப்பை எடுக்கப் பச்சைப் பட்டனை இழுத்த, நாற்பது வருஷம் சிமெண்ட் பூசிக் காய்ப்பேறிய உங்கள் விரலைப் போன் கண்டுகொள்ளாதபோது, "இதைக்கூட இழுக்கத் தெரியலையாப்பா?" என்று எரிந்து விழுந்தேனே. அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் போன் நேரே அம்மாவிடம் போய்விடுகிறது. அந்தப் பட்டனை உங்கள் கையை நினைக்காமல் வரைந்தது என்னைப் போல ஒருத்திதான் அப்பா.

இப்போது கையுறையையும் உணரும்படி கிடங்குப் போன்களின் தொடு உணர்வைக் கூட்டச் சொல்லிவிட்டு, பட்டன்களையும் பெரிதாக்குகிறேன். ஒரு தாளில் உங்கள் கட்டைவிரலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள். அளவுக்குத்தான். என் மேசைக்கு எதிரே சுவர் காலியாக இருக்கிறது, அங்கே ஒட்டிக்கொள்கிறேன்.

அப்புறம், போனின் பக்கவாட்டில் சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கினாலே அழைப்பை எடுத்துப் பேசும்படி மாற்றலாம். எப்படி என்று அம்மாவுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பேன். நீங்களே எடுங்கள்.

உங்கள்
வாயாடி