ஒன்பது மணிக் கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு, கழனி மோட்டாரைப் போனில் காட்டும் ஹப் பெட்டிக்கு அப்டேட் வந்தது. போட்டேன். ஆறேகாலுக்கு கிராஃப் மொத்தமும் காலி. மோட்டார் ஆம்பியர் இல்லை, தொட்டி மட்டம் இல்லை. வெள்ளைத் திரை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கய்யா நோண்டுகிறீர்கள்? தேர்வாய் கண்டிகை பிளான்ட்டுக்கு வேலைக்குப் போகும்வரை திட்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

சாயங்காலம் வந்தால் அம்மா சொல்கிறாள்: "போன்ல கோடு வரலன்னு உங்க நைனா கழனிக்கு நடந்தே போய்ட்டாரு."

நெஞ்சைப் பிளந்து தைத்து முப்பத்தெட்டு நாள்தான் ஆகிறது. வெயிலில் வரப்பில் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தானே இந்தப் பெட்டியையே வாங்கி வைத்தேன்! மோட்டார் ஓடினால் போனில் கோடு ஏறும், நின்றால் இறங்கும். அவர் கட்டிலிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவு சின்ன வேலை. அதைக்கூடக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

ஏழு முறை ரீஸ்டார்ட். ஒரு மயிரும் நடக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். பெயர் என்ன, எந்த நாடு, எந்த ஊர் என்று ஆயிரம் கேள்வி. கல்யாணத்துக்குப் பெண்ணா கேட்கிறேன்? ஸ்கிப், ஸ்கிப், ஸ்கிப். திரையில் புள்ளி வந்தது. மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் தண்டம்.

பிப்ரவரி 6, வெள்ளி

கிராஃப் வேலை செய்கிறது. ஆனால் அது காட்டுவதுதான் சரியில்லை.

மோட்டார் தினமும் காலை ஒன்பதுக்கு மேல் ஓட வேண்டும். போட்டு, மடை திருப்பி, பதினொன்றரைக்கு நிறுத்துவது கலியன் மாமா. உறவில்லை, அப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு மோட்டார் கொட்டாய்ச் சாவி அவரிடம்தான். இன்றைய கிராஃபில் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஓடியது எப்போது? விடியற்காலை 3.40 முதல் 6.10 வரை.

அந்த நேரத்தில் யாருக்குத் தண்ணீர்? எங்கள் வாய்க்காலை ஒட்டி அவர் குத்தகைக்கு எடுத்த கத்தரித் தோட்டம் இருக்கிறது. இதற்குமேல் யாராவது விளக்க வேண்டுமா?

அப்பாவிடம் சொன்னேன். "காத்தால ஒம்போது மணிவாக்குல கோடு ஏறுச்சேடா, நான் பாத்தேனே" என்றார்.

"மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கினு இருக்க. மணி உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. மாலை ஏழு மணிக்குப் பார்க்கிறேன், மதியம் ஒன்றரைக்கு மேல் கோடே இல்லை. அப்டேட் விட்ட மிச்சம். பிறகு பார்க்கலாம்.

பிப்ரவரி 7

இன்றும் 3.35. நாளை கேட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கேட்டுவிட்டேன். டீக்கடையில், எல்லோர் முன்னாலும். ஒளித்துப் பேச நானா திருடினேன்?

போனை நீட்டினேன். மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூணரை மணிக்கா? அந்நேரம் நான் ஊட்ல தூங்கிகினு இருப்பேன் மாப்ள."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் தேசப்பன் சிரித்தார். "கலியன மூணரைக்கு எழுப்பணும்னா எமன்தான் வரணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மெஷின் பொய் சொல்லாது மாமா. மனுஷன்தான் சொல்வான்."

மாமா அரணாக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து பெஞ்சில் வைத்தார். டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா: "ஆஸ்பத்திரில ஆறு நாளு நமக்காக உக்காந்துக்கினு இருந்தவன்டா அவன்." உட்கார்ந்தால்? அதற்காகத் தண்ணீரைத் திருப்பிவிடலாமா? சாவியை என் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பதினோரு மணிக்கு பிளான்ட்டில் இருக்கும்போது அம்மாவின் போன். சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவே போய் மோட்டார் போட்டிருக்கிறார். மடை திருப்பக் குனிந்தவர் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டது யார்? கலியன் மாமாவின் மனைவி கங்கம்மா.

நான் வந்து சேரும்போது வாசலில்தான் நின்றிருந்தாள். "சாவிய வாங்கினீங்களே, அத்தோட ஒரு ஆளையும் வாங்கிக்கறதுதானே?" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்பாவுக்கு நாடி பரவாயில்லை. டாக்டரிடம் பேசியாகிவிட்டது. பிறகு கிராஃபைப் பார்த்தேன். மோட்டார் ஓட ஆரம்பித்தது 3.45.

3.45-க்குச் சாவி என் ஆணியில் இருந்தது. என் சட்டைக்கு அடியில்.

"எத்தினி மணிக்குப் போட்ட?"

"ஒம்போதே கால். ஏன்டா?"

ஒன்பதே காலுக்கும் மூன்றே முக்காலுக்கும் இடையில் ஐந்தரை மணி நேரம். பிளான்ட்டில் ஒவ்வொரு புது மீட்டரிலும் நான் முதலில் திருத்துகிற எண். நமக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம். வியாழக்கிழமை எந்த நாடு என்று அது கேட்டது. நாடு சொல்லாவிட்டால் அது லண்டன் மணியையே வைத்துக்கொள்ளும். ஸ்கிப் என்று அழுத்தியது யார்?

ஏழு மணிக்கு ஒன்றரையோடு நின்ற கோடு. அதுவும் அதே ஐந்தரை. கண் முன்னால் இருந்தது. முட்டாள். முட்டாள். அப்பா சொன்னாரே, அப்பவே சொன்னாரே—

பிப்ரவரி 10

நேரத்தைத் திருத்தினேன். ஒரு நிமிஷ வேலை.

சாயங்காலம் அதே டீக்கடையில், அதே பெஞ்சில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். தேசப்பன் கேட்டார்: "மெஷின் பொய் சொல்லாதுன்ன?"

பிறகு கலியன் மாமா வீடு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எப்போதும் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றார். "சரிங்க சார்" என்றார்.

என் காதுகுத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டவர். சார்.

சாவியை அவர் கையில் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. கொட்டாய்க் கதவுத் தாழ்ப்பாளிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11

அரை நாள் லீவு. நானே மோட்டார் போட்டேன். மடை திருப்பத் தெரியாமல் கால்வாசித் தண்ணீர் பாதையில் போனது. சாவி தொங்கவிட்ட இடத்திலேயே இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று லீவு கிடைக்கவில்லை. பிளான்ட்டில் எட்டரையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது. கோடு தரையில். 9.05. தரையில்.

9.08. ஏறியது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா கட்டிலில்தான் இருக்கிறாராம், அவரும் கோட்டைத்தான் பார்க்கிறாராம். உடனே கலியன் மாமாவுக்குப் போட்டேன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"பாயுது சார்" என்றார். வைத்துவிட்டார்.